நழுவிப்போன நாலு எண்

மரக்காணத்தில் உப்பு வாரும் நாள்களில் வேலை விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும். வெயில் ஏறிவிட்டால் பாத்தியில் நிற்க முடியாது, வெள்ளைத் தரை கண்ணைக் குத்தும். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே கடந்துபோகும் அந்த உப்பு மேடுகளுக்கு நடுவே, ஒரு மாசி மாதக் காலையில் வரப்பில் உட்கார்ந்திருந்தேன்.

மேட்டில் கூடையைக் கொட்டிவிட்டுத் திரும்பிய ஓர் அம்மாவிடம் கணக்குப் பார்க்கிறவர் லாரிக்காரரின் போன் நம்பரைச் சொல்லி, கூப்பிட்டு எங்கே வருகிறார் என்று கேட்கச் சொன்னார். அம்மாவின் கை முழுக்க உப்புத்தண்ணீர். போன் வரப்பின் அந்தக் கோடியில், சாப்பாட்டுத் தூக்கோடு பையில் இருந்தது. பத்து எண்ணையும் வாய்க்குள் முணுமுணுத்தபடி நடந்தார். பாதி வழியில் பக்கத்துப் பாத்தியிலிருந்து ஒரு குரல்: "யக்கா, நேத்து எத்தினி நட போட்ட?" "முப்பத்திரெண்டு" என்றார். அவ்வளவுதான். நின்றுவிட்டார். முதல் ஆறு எண் இருந்தது, கடைசி நாலு காணோம்.

என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நெற்றியைத் தட்டிக்காட்டினார். "மூளைல கரண்டு கொறஞ்சி போச்சி தம்பி. ஏதோ அலையாம், அது வீக்காயிட்டா இப்டித்தான் ஆவுமாம். எம் பையன் போன்ல ஒரு பாட்டு ஏத்திக் குடுத்துருக்கான், படுக்கும்போது கேக்கச் சொல்லி."

திரும்பிப் போய் நம்பரைக் கேட்டுக்கொண்டு வந்தார். அந்த இரண்டாவது நடையைக் கடைசியில் சொல்கிறேன். மூளையில் அலை இருப்பது உண்மை. ஒரு நம்பரைச் சில நொடி பிடித்துவைப்பதில் அந்த அலைகளுக்குப் பங்கு இருக்கிறது என்பதற்கும் நல்ல சான்றுகள் உண்டு. ஆனால் அந்த உண்மையைச் சுற்றி என்னென்னவோ ஒட்டிக்கொண்டு கைபேசி வழியாக உப்பளம் வரை வந்து சேர்ந்திருக்கிறது. முப்பத்திரண்டு நடை சுமந்த ஒருவர் தன் மூளையில் கோளாறு என்று நம்பிக்கொண்டு இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

"இ.இ.ஜி. எடுத்தால் மூளைக்குக் கரண்ட் வைப்பார்கள்"

வலிப்பு வந்த பிள்ளைக்கு டாக்டர் இ.இ.ஜி. எழுதிக்கொடுத்தால், "பச்சப்புள்ள தலைல கரண்டு வைக்கிறதா" என்று தடுக்கிற பாட்டிமார் இன்றும் இருக்கிறார்கள். அந்தக் கருவி எதையும் கொடுப்பதில்லை. மூளை தானாக உண்டாக்கும் மின்சாரத்தைத் தோலுக்கு மேலிருந்து கேட்கிறது, அவ்வளவே. தலையில் பசை தடவி இருபது சொச்சம் சின்னத் தகடுகளை ஒட்டுவார்கள். அவை பிடிக்கும் அளவு பெரும்பாலும் சில பத்து மைக்ரோவோல்ட்தான். டார்ச் லைட்டுக்குப் போடும் ஒற்றை செல்லின் மின்னழுத்தத்தில் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பசையில் உப்பு இருக்கிறது. உப்பு இல்லாவிட்டால் தோலிலிருந்து தகட்டுக்குச் சேதி வராது. இன்னும் உள்ளே போனால் மூளையின் மின்சாரமே உப்பின் வேலைதான். ஒவ்வொரு நரம்பணுவுக்கும் வெளியே இருக்கிற சோடியம், உள்ளே இருப்பதைவிடப் பத்து மடங்கு அளவுக்கு அதிகம். அணுவின் சுவரில் உள்ள நுண்ணிய வாசல் திறந்தால், மடை திறந்த பாத்திக்குள் தண்ணீர் பாய்கிற மாதிரி சோடியம் உள்ளே பாய்கிறது. ஆயிரத்தில் ஒரு நொடி, ஒரு துடிப்பு. பாய்ந்ததை மறுபடி வெளியே இறைக்க அணுவின் சுவரிலேயே ஓர் இறைவை ஓயாமல் ஓடுகிறது. மூளை செலவழிக்கிற ஆற்றலில் பெரும்பங்கு இந்த இறைப்புக்கும் இதைச் சார்ந்த வேலைகளுக்கும்தான் போகிறது.

ஒற்றை அணு துடித்தால் தலைக்கு மேல் ஒட்டிய தகட்டுக்குத் தெரியாது. ஒருவர் மட்டும் கைதட்டினால் தெருமுனைக்குக் கேட்குமா? திருவிழாக் கூட்டம் ஒரே தாளத்தில் தட்டினால் அடுத்த ஊருக்கும் கேட்கும். லட்சக்கணக்கான அணுக்கள் ஒன்றோடொன்று ஒத்து ஏறி இறங்கும்போதுதான் தாளில் அலை விழுகிறது. மூளை அலை என்று நாம் சொல்வது இந்த ஒத்திசைவைத்தான். தலைக்குள் ஓடும் தனிச் சரக்கு எதுவும் அங்கே இல்லை. ஆகவே 'கரண்டு கொறஞ்சி போச்சி' என்பதற்கு மூளையில் பொருளும் இல்லை.

உப்பு என்று வந்துவிட்டதால் ஒன்றைச் சொல்லாமல் நகர மனமில்லை. வயதானவர்களுக்குத் திடீரென்று தடுமாற்றம், நேரம் இடம் தெரியாத குழப்பம் என்றால் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "உப்புச் சத்து குறைஞ்சிருக்கு" என்பார்கள். ரத்தத்தில் சோடியம் இறங்கிவிட்டால் மூளை தடுமாறும் என்பது மெய். வயசானால் அப்படித்தான் என்று விட்டுவிடாமல் உடனே காட்டினால் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். ஆனால் இதைக் கேட்டுவிட்டுச் சோற்றில் உப்பைக் கூட்டிப் போடுவது தப்பு. சோடியம் இறங்குவதற்குச் சில மாத்திரைகள், சிறுநீரகம், இதயம் என்று பல காரணங்கள் உண்டு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு.

உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு வெயிலும் தாகமும் வேறு கணக்கு. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டின் 7 உப்பளங்களில் 352 தொழிலாளர்களைப் பார்த்தபோது, பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பான வெப்ப அளவைத் தாண்டிய சூட்டில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். உடம்பில் தண்ணீர் வற்றினால் கவனம் முதலில் சிதறும். அந்த அம்மாவுக்கு மகன் ஏற்றிக் கொடுத்த பாட்டைவிட நிழலும் குடிதண்ணீரும் பக்கத்தில் ஒரு கழிப்பறையும் அவசரம் என்று நினைக்கிறேன். கழிப்பறை இல்லாத இடத்தில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள்.

"நினைவு என்பது உள்ளே அணையாமல் எரியும் விளக்கு"

இந்த நம்பிக்கையை நான் குறை சொல்லமாட்டேன். விஞ்ஞானிகளே நெடுங்காலம் இதைத்தான் நம்பினார்கள், நம்பக் காரணமும் இருந்தது. 1971-இல் அமெரிக்காவில் ஹோக்கின் ஃபஸ்டரும் ஜப்பானில் குபோடா, நிகி இருவரும் தனித்தனியாக ஒரே மாதிரி ஒன்றைக் கண்டார்கள். குரங்குக்கு ஒரு குறிப்பைக் காட்டி, மறைத்து, சில நொடி காக்கவைத்து, அதை வைத்துத் தேர்வு செய்யச் சொல்ல வேண்டும். அந்தக் காத்திருப்பு நேரம் முழுவதும் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதியில் சில அணுக்கள் துடித்தபடியே இருந்தன. கண்ணெதிரே ஒன்றுமில்லை, ஆனாலும் துடிப்பு நிற்கவில்லை. அப்படியானால் அந்தத் துடிப்புதான் நினைவு. இருபது முப்பது ஆண்டுகள் பாடப்புத்தகங்கள் இந்த விளக்கைத்தான் ஏற்றிவைத்திருந்தன.

பிறகு ஒரு சந்தேகம் எழுந்தது. அந்தப் படங்களெல்லாம் பல தடவை செய்த சோதனைகளைக் கூட்டிச் சராசரி எடுத்தவை. இதை உப்பளத்தில் வைத்துப் பார்த்தால் விளங்கும். பத்துப் பாத்தி இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் மடையைக் கொஞ்ச நேரம் திறந்து, தண்ணீர் விட்டு, அடைத்துவிடுகிறோம், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நேரம். பத்தையும் தனித்தனியாக வீடியோ எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தால், தண்ணீர் எப்போதும் ஓடிக்கொண்டே இருப்பதாகத்தான் தோன்றும். ஒரு பாத்தியை மட்டும் பார்த்தால்தான் பாய்ச்சலுக்கும் பாய்ச்சலுக்கும் நடுவே மடை அடைத்திருப்பது தெரியும்.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஏர்ல் மில்லரும் மைக்கேல் லண்ட்குவிஸ்டும் இன்னும் சிலரும் 2016-இல் அப்படி ஒவ்வொரு தடவையையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள். குரங்குகள் வண்ணக் கட்டங்களை நினைவில் வைத்திருந்தபோது துடிப்பு தொடர்ச்சியாக இல்லை. சின்னச் சின்ன வெடிப்புகளாக வந்தது. வெடிப்பு நேரத்தில் காமா என்கிற வேகமான அலை, நொடிக்கு 30-க்கு மேல் ஏறி இறங்குவது. நடுவில் நொடிக்கு 20, 30 என்ற அளவில் பீட்டா அலை. பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் காமா மிகுந்து பீட்டா தணிந்தது. பீட்டாதான் மடைப்பலகை என்பது அவர்கள் வாதம்: பலகை இறங்கி மடையை அடைத்திருக்கும்வரை உள்ளே இருப்பது இருந்தபடி இருக்கும், புதியது நுழையாது.

வெடிப்புக்கும் வெடிப்புக்கும் இடையே நினைவு எங்கே தங்குகிறது? 2008-இல் மொங்கில்லோ, பராக், சோடிக்ஸ் மூவரும் கணித மாதிரி ஒன்றின் வழியே பதில் சொல்லியிருந்தார்கள். அணுவும் அணுவும் தொட்டுப் பேசும் சந்தியில், துடிப்பு நின்ற பிறகும் கால்சியம் கொஞ்ச நேரம் தங்கியிருக்கிறது. அது வடிவதற்குள் அடுத்த வெடிப்பு வந்தால் போதும். நனைந்த பாத்தி காய்வதற்குள் இன்னொரு தடவை மடை திறப்பது போலத்தான். இந்த வாதத்தை ஏற்காத வலுவான ஆய்வாளர்களும் உண்டு. கிறிஸ்டோஸ் கான்ஸ்டான்டினிடிஸும் அவரோடு சேர்ந்தவர்களும் 2018-இல், தொடர் துடிப்புதான் அடிப்படை என்று சான்றுகளை அடுக்கி எழுதினார்கள். விவாதம் இன்னும் ஓயவில்லை.

எனக்கு இதில் ஆறுதலான ஒன்று தெரிகிறது. விட்டுவிட்டுத் துடிப்பதுதான் நினைவின் முறை என்றால், நடுவே ஓர் இடைவெளி வருவது பலவீனம் ஆகாது. அந்த இடைவெளியில் வேறொன்று நுழைந்ததுதான் வரப்பில் நடந்தது. அதுவும் 'முப்பத்திரெண்டு' என்று இன்னோர் எண். எண்ணைப் பிடித்திருக்கும்போது எண்ணே வந்து மோதினால் யாருக்கும் நழுவும், பேராசிரியருக்கும்தான்.

"நினைவில் ஏழு அறை உண்டு, ஏழு பொருள் கொள்ளும்"

ஏழு என்ற எண் 1956-இல் ஜார்ஜ் மில்லர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலிருந்து வந்தது. ஏழு, இரண்டு கூடலாம் குறையலாம் என்றார். ஆனால் அவர் அழுத்திச் சொன்னது வேறு: எத்தனை பொருள் என்பதைவிட எத்தனை கட்டு என்பதே கணக்கு. தனித்தனியாகப் பன்னிரண்டு எண் வராது, ஆதார் அட்டையில் இருப்பது போல நான்கு நான்காகக் கட்டினால் மூன்றே கட்டு. பிற்பாடு நெல்சன் கோவன் 2001-இல், கட்டிப்போடவும் வாய்க்குள் சொல்லிப்பார்க்கவும் வழியில்லாமல் செய்துவிட்டால் மிஞ்சுவது ஏறக்குறைய நாலுதான் என்று காட்டினார்.

ஏன் ஒரு சில மட்டும்? இங்கேதான் அலை வருகிறது. 1995-இல் ஜான் லிஸ்மனும் மார்கோ இடியார்ட்டும் ஓர் அழகான யோசனையைச் சொன்னார்கள். தாளம் தெரிந்த நம் ஊர்க்காரர்களுக்கு அதை ஒரு நிமிடத்தில் விளக்கிவிடலாம். தீட்டா என்பது மெதுவான அலை, நொடிக்கு நாலிலிருந்து எட்டு. அது தாளத்தின் ஓர் ஆவர்த்தனம். காமா என்பது வேகமான அலை. அது ஆவர்த்தனத்துக்குள் விழும் சொற்கட்டு, தவிலில் ஒவ்வோர் அடி. நொடிக்கு ஆறு தீட்டா என்றால் ஓர் ஆவர்த்தனம் ஆறில் ஒரு நொடி. நொடிக்கு நாற்பது காமா என்றால் ஓர் அடிக்கு நாற்பதில் ஒரு நொடி. ஓர் ஆவர்த்தனத்துக்குள் ஆறேழு அடிகள்தான் அடங்கும். ஒவ்வோர் அடியிலும் ஓர் அணுக்கூட்டம் துடித்து ஒரு பொருளைச் சொல்கிறது. அடுத்த ஆவர்த்தனத்தில் அதே வரிசை திரும்பவும். எது முதலில், எது பிறகு என்ற வரிசையும் இதிலேயே காப்பாற்றப்படுகிறது.

காகிதத்தில் அழகாக இருப்பதெல்லாம் மூளையில் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் இதற்குத் துணை நிற்கும் சான்றுகள் சேர்ந்துகொண்டே வருகின்றன. வலிப்புக்கு அறுவை செய்வதற்கு முன், எங்கிருந்து வலிப்பு கிளம்புகிறது என்று அறிய மூளைக்குள் மெல்லிய கம்பிகளை வைப்பார்கள். அப்படி வைத்திருந்த 36 பேர் படங்களைச் சில நொடி நினைவில் வைத்திருந்தபோது பதிவான துடிப்புகளை அலசிய ஆய்வு 2024-இல் 'நேச்சர்' இதழில் வந்தது. ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் தீட்டாவின் ஏற்ற இறக்கத்தோடு காமா சேர்ந்து கூடிக் குறைந்தது. அந்த இணைப்பைப் பின்பற்றித் துடித்த அணுக்கள் படம் இன்னது என்பதைச் சுமக்கவில்லை. நெற்றிப் பகுதியோடு நேரம் ஒத்துப்போய், நினைவை ஒழுங்காக வைத்திருக்கிற வேலையைச் செய்தன. வாசிப்பவரைவிடத் தாளம் போடுகிறவரின் வேலை என்று எனக்குப்பட்டது.

"அலை வேகமாக இருந்தால் மூளை கூர்மை" என்று இன்னொரு பேச்சு உண்டு. அதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ஆவர்த்தனம் நீண்டால் அதற்குள் அதிக அடிகள் கொள்ளும் அல்லவா? 2018-இல் வந்த ஓர் ஆய்வில், தலைக்கு வெளியிலிருந்து மெல்லிய மின்னோட்டம் கொடுத்துத் தீட்டாவை நொடிக்கு 4 என்று இழுத்தபோது கண்ணால் பார்த்ததை நினைவில் கொள்ளும் அளவு கூடியது, 7 என்று விரைவுபடுத்தியபோது குறைந்தது. மெதுவாகப் போகிற தாளத்துக்கே அங்கே கொள்ளளவு.

ஒரு சில பொருள்தான் கொள்ளும் என்றால், ஒரே நேரத்தில் பலவற்றைக் கவனத்தில் பிடிக்கும் அவதானிகள்? நியாயமான கேள்வி. நாகர்கோவிலை அடுத்த கோட்டாறைச் சேர்ந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னை விக்டோரியா பொது மண்டபத்தில் நூறு கவனம் என்னும் சதாவதானம் செய்து காட்டியவர். அவதானத்தில் பாட்டு கட்டிக்கொண்டே, கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே, முதுகில் விழும் கற்களையும் ஒலிக்கும் மணியையும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். அவருக்கு நூறு அறை இருந்ததா? ஒரு பழைய சோதனை இதற்கு வெளிச்சம் தரும். அமெரிக்கக் கல்லூரி மாணவர் ஒருவர் ஏறத்தாழ 230 மணி நேரப் பயிற்சிக்குப் பிறகு ஒரு தடவை கேட்ட 79 எண்களை வரிசையாகத் திருப்பிச் சொன்னார். 1980-இல் வெளிவந்த ஆய்வு அது. எண்களுக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்தார்கள். ஆறோடு நின்றுவிட்டார். ஓட்டப்பந்தய வீரரான அவர் எண்களையெல்லாம் ஓட்ட நேரங்களாகக் கட்டி, ஏற்கெனவே தலையில் இருந்த நீண்டகால அறிவில் கோத்து வைத்திருந்தார். கட்டும் திறமை வளர்ந்ததே தவிர, கை பிடிக்கும் அளவு மாறவில்லை. பாவலரின் யாப்பும் இலக்கியமும் அவருக்கு எத்தனை பெரிய கட்டுக்கயிறாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். அவர்மேல் எனக்கு இருந்த மரியாதை இதனால் கூடுகிறதே அன்றிக் குறையவில்லை.

"ஆல்பா அலை கூடினால் நினைவு கூடும்"

அந்த அம்மாவின் மகன் ஏற்றிக் கொடுத்த பாட்டு இந்த வகை. ஆல்பாவுக்குத்தான் சந்தையில் பேர் அதிகம், ஏனென்றால் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது அதுதான். ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் மனிதத் தலையிலிருந்து மின்பதிவு எடுத்தார், 1929-இல் வெளியிட்டார். கண்ணை மூடியதும் நொடிக்குப் பத்து என்ற அளவில் ஓர் அலை பெரிதாக எழும், திறந்ததும் அடங்கும். கண்மூடி அமைதியாக இருக்கும்போது வருகிற அலை என்பதால், 'அமைதி அலை', பிறகு 'ஆற்றல் அலை' என்று பேர் வளர்ந்துகொண்டே போனது.

2002-இல் ஓலே யென்சனும் அவர் குழுவும் எழுத்துகளை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லிப் பதிவெடுத்தார்கள். எழுத்து கூடக் கூடப் பின்தலையில் ஆல்பா கூடியது. பார்த்தீர்களா, ஆல்பா கூடினால் நினைவு கூடுகிறது என்று சொல்லத் தோன்றும். ஆனால் பின்தலை என்பது கண் காட்சியைக் கையாளும் இடம். உள்ளே பிடித்துவைக்க வேண்டியிருக்கும்போது வெளியிலிருந்து காட்சி வந்து கலைக்காமலிருக்க அங்கே கதவைச் சாத்துகிறது மூளை. ஆல்பா அந்தத் தாழ்ப்பாள் என்பதே இன்று பெரும்பான்மையோர் ஏற்கும் விளக்கம். வேலை செய்ய வேண்டிய இடத்தில் ஆல்பா தணியும், ஓய்வாயிருக்க வேண்டிய இடத்தில் ஏறும். வீடு முழுக்கத் தாழ்ப்பாள் போட்டால் பத்திரம்தான், ஆனால் யாரும் உள்ளே வரவும் முடியாது.

எதையாவது யோசித்துச் சொல்லும்போது நாம் கேட்டவரின் முகத்தைப் பார்க்காமல் விட்டத்தைப் பார்க்கிறோம், அல்லது கண்ணை மூடிக்கொள்கிறோம். பள்ளியில் பிள்ளை அப்படிச் செய்தால், "எங்கடா வேடிக்கை பாக்குற" என்று அதட்டுகிற வாத்தியார்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே தேடுகிறது.

"காதில் மாட்டினால் போதும்"

இரண்டு காதிலும் கொஞ்சம் வேறுபட்ட சுருதியைக் கொடுத்தால், அந்த வேறுபாட்டின் அளவில் ஒரு துடிப்பு கேட்பது போலிருக்கும். 1841-இலேயே ஹைன்ரிஷ் வில்ஹெல்ம் டோவே என்ற ஜெர்மானியர் எழுதிவைத்துவிட்டார். இதைத்தான் 'மூளை அலையை மாற்றும் இசை' என்று விற்கிறார்கள். மூளை அந்தத் துடிப்போடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த 14 ஆய்வுகளை 2023-இல் ஒரு தொகுப்பாய்வு அலசியது. 5 ஆமாம் என்றன, 8 இல்லை என்றன, ஒன்று இரண்டும் கலந்து சொன்னது. இத்தனைக்கும் அது அலை மாறுகிறதா என்பதை மட்டுமே கேட்டது, நினைவு கூடுகிறதா என்பது இன்னும் தூரம். படுக்கையோரம் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டால் இரண்டு காதுக்கும் தனித்தனியாகப் போவதும் இல்லை. தூக்கம் நன்றாக வருகிறது என்றால் கேட்டுக்கொள்ளட்டும். காசு கொடுக்க வேண்டாம்.

காசு என்றதும் நெஞ்சு எரிகிறது. எங்கள் உறவில் ஒருவர் பத்தாண்டுக்கு முன் 'நடுமூளையைத் தூண்டும்' வகுப்பு ஒன்றுக்கு, சீட்டு எடுத்த பணத்தைக் கட்டி மகளை அனுப்பினார். கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்க வைத்துக் காட்டினார்கள். மூக்குத்தண்டின் ஓரத்து இடுக்கில் தெரிவதைப் பார்த்துத்தான் படித்தேன் என்று அந்தப் பெண் பிறகு அழுதுகொண்டே சொன்னாள். அப்பாவை ஏமாற்றினோமே என்ற பாரத்தை ஒன்பது வயதில் சுமந்தாள். நடுமூளை எல்லோருக்கும் பிறந்ததிலிருந்தே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கண்ணின் அசைவு முதல் விழிப்பு வரை அதன் பொறுப்பு. தூண்டுவதற்கு ஒன்றுமில்லை.

"அலையைப் பார்த்தால் மனதில் இருப்பதைச் சொல்லிவிடலாம்"

இந்த நம்பிக்கை நம் நாட்டில் நீதிமன்றம் வரை போனது. பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனத்தில் மருத்துவ உளவியல் துறைத் தலைவராக இருந்த சி.ஆர். முகுந்தன் ஒரு முறையை உருவாக்கினார். மூளையின் மின் அலைவுகளைக் கொண்டு, ஒருவருக்கு ஒரு சம்பவம் கேள்விப்பட்டதா அல்லது தானே அனுபவித்ததா என்று பிரித்துச் சொல்லலாம் என்பது அவர் கூற்று. சந்தேகப்படுபவரின் தலையில் தகடுகளை ஒட்டி, சம்பவத்தை வாக்கியம் வாக்கியமாகப் படித்துக் காட்டுவார்கள். அவர் ஒன்றும் பேச வேண்டாம். 2008 ஜூனில் புனேயில் ஒரு கொலை வழக்கில் குற்றவாளி எனத் தீர்ப்பளித்த நீதிபதி இந்தப் பதிவையும் சான்றுகளில் ஒன்றாக ஏற்றார். உலகமே திரும்பிப் பார்த்தது.

அதே ஆண்டில் நிம்ஹான்ஸ் இயக்குநர் டி. நாகராஜா தலைமையிலான குழு இந்த மாதிரியான மூளைப் பதிவுச் சோதனைகள் அறிவியல்பூர்வமானவை அல்ல, விசாரணைக்கோ சான்றாகவோ பயன்படுத்தக் கூடாது என்றது. 2010 மே 5 அன்று செல்வி எதிர் கர்நாடக மாநிலம் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒருவரின் சம்மதமில்லாமல் மூளைப் பதிவு, உண்மை கண்டறியும் கருவி, மயக்க மருந்து விசாரணை எதையும் செய்யக் கூடாது என்று தீர்ப்பளித்தது. தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற அரசியல் சட்ட உரிமையின் மேல் நின்ற தீர்ப்பு அது.

ஏன் முடியாது என்பதற்கு வரப்பில் நடந்ததே போதும். நினைவு, கல்லில் வெட்டிய எழுத்தாக இருந்தால் கருவி படித்துவிடலாம். அது எடுக்கும்போதெல்லாம் புதிதாகக் கட்டப்படுகிறது. போலீஸ்காரர் பத்து தடவை சொல்லிக் காட்டிய சம்பவம் பதினோராவது தடவை பழகிய சம்பவமாகவே மூளைக்குத் தெரியும். பயம் அலையை மாற்றும், தூக்கமின்மை மாற்றும். தகட்டுக்குக் கேட்பது கூட்டத்தின் கைதட்டல். எந்த மனிதர் என்ன நினைத்துத் தட்டினார் என்பது அதில் இருக்காது. விசாரணை என்று அழைத்துப் போகப்படும் ஏழை எளியவர்களின் தலையில்தான் இந்தத் தகடுகள் முதலில் ஒட்டப்படும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

"அறுபதைத் தாண்டினால் அலை செத்துவிடும்"

வயதாகும்போது அலைகள் மாறுவது உண்மை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சுப்ரதிம் ரேயின் குழு, ஐம்பதைத் தாண்டிய நகரவாசிகளுக்குக் கோடுகள் நிறைந்த படங்களைக் காட்டிப் பதிவெடுத்தது. வயது ஏற ஏறக் காமா குறைந்தது. 2021-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், மறதி நோயின் தொடக்கத்தில் இருந்தவர்களுக்கு அதே வயதுக்காரர்களைவிடக் காமா இன்னும் வலுவிழந்திருந்தது. நோயை முன்கூட்டி அறிய இது உதவலாம் என்பது நம்பிக்கை. நம் நாட்டு முதியவர்களிடமே எடுத்த பதிவு என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

குறைந்ததைக் கூட்ட முடியுமா? 2019-இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் 60 முதல் 76 வயது வரையான 42 பேருக்கு நெற்றிப் பகுதியும் பக்க மூளையும் ஒரே தீட்டாவில் ஒத்துப்போகும்படி 25 நிமிடம் மெல்லிய மின்னோட்டம் கொடுத்தார்கள். குறுகியகால நினைவுச் சோதனையில் அவர்கள் இருபது வயதுக்காரர்களுக்கு இணையாகச் செய்தார்கள். கொடுத்து முடித்த பிறகும் ஐம்பது நிமிடம்வரை, அதாவது பார்த்தவரைக்கும், பலன் நின்றது. இதைப் படித்ததும் தாத்தா பாட்டிக்கு ஆன்லைனில் கருவி வாங்கத் தேடாதீர்கள். அங்கே ஒவ்வொருவரின் அலையையும் அளந்து, அவரவர் வேகத்துக்கு ஏற்பக் கொடுத்தார்கள். ஆய்வுக்கூடத்துச் சோதனை அது. தவறான வேகத்தில் கொடுத்தால் நினைவு குறையவும் செய்யும் என்பதை முன்பே பார்த்தோம்.

இனி அந்த இரண்டாவது நடை. கணக்குப் பார்க்கிறவர் நம்பரை மறுபடி சொன்னார். அம்மா இந்தத் தடவை ஒரே மூச்சில் வாங்கிக்கொள்ளவில்லை. "இரு, இரு, மூணு மூணா சொல்லு" என்றார். மூன்று, மூன்று, நாலு. கடைசி நாலு எண்ணும் அவர் பேத்தி பிறந்த வருஷத்துக்கு ஒன்று குறைவு என்று அவரே கண்டுபிடித்துச் சொல்லிச் சிரித்தார். பிறகு நடக்கத் தொடங்கினார், எட்டு வைக்கிற தாளத்துக்கே எண்ணையும் சொல்லிக்கொண்டு. பக்கத்துப் பாத்தியிலிருந்து மறுபடி ஏதோ குரல் வந்தது. திரும்பாமல் ஒரு கையை மட்டும் உயர்த்தி நிறுத்தினார். சூரியன் ஏறிவிட்டிருந்தது, பாத்தியெல்லாம் வெள்ளையாய் எரிந்தது. வரப்பின் நேரான பகுதியில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நாலு எட்டு நடந்தார்.

கோடிக்குப் போய்ச் சேர்ந்து, சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டு, போனை எடுத்து அழுத்தினார். கொஞ்ச நேரம் காதில் வைத்திருந்தார். பிறகு எங்களைப் பார்த்துக் கத்தினார்: "கூனிமேடு தாண்டிட்டாராம்!"